இரண்டு சூரியன்

கொத்தமங்கலத்தில் அண்ணனும் தம்பியும் பாதிப் பாதியாகப் பங்கு வைத்திருக்கும் பெரிய வீட்டின் முகப்பை நீர்வண்ணத்தில் வரைந்தேன். கிழக்குப் பாதியில் காலை வெயில். மேற்குப் பாதியை நீல நிழலில் கரைத்துவிட்டேன். அதுதான் என் பாணி.

மேற்குப் பங்குக்காரரான தம்பி முத்தரசு கொதித்துப்போனார்.

“எங்க பங்கை மட்டும் இருட்டாக்கி வச்சிருக்கீக. அண்ணன் ஏதும் சொல்லிவிட்டாகளா?”

“காலை வெயில் அப்படித்தாங்க விழும்.”

“அப்ப சாயங்கால வெயிலையும் இங்குட்டு போட்டுவிடுங்க.”

வந்த கடுப்பில் வீட்டின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சூரியனை வரைந்து நீட்டினேன். தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணன் சேவுகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“எல்லாஞ் சரி. மூத்தவன் பங்குச் சூரியன் கொஞ்சமாச்சும் பெருசா இருக்க வேணாமா?”