எட்டுக் கோப்பை கொத்தமல்லி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நஸீறா அடுப்பில் வைத்த கொத்தமல்லிக் கஷாயம், இருநூற்றுப் பதினாறு மணித்தியாலம் கொதித்தும் எட்டுக் கோப்பையிலிருந்து ஒரு துளி குறையவில்லை. அது ஊரடங்கு போட்ட 2020ஆம் வருடம். பருப்பும் முட்டையும் லொறியில் வந்து தெருவில் விலைபோயின. எல்லா வீட்டிலும் வறுத்த கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் மணத்தன.

நஸீறாவின் புருஷன் பலீலுக்குத் தொண்டை நோவு. எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்ற வேண்டும், அதற்கு முன் குடித்தால் பலனில்லை என்பது அவள் வீட்டு வழக்கம். பலீல் இரண்டு தடவை குசினி வாசலுக்கு வந்து ஒரு மிடறு கேட்டார். "வத்தட்டும், கொஞ்சம் பொறுங்க," என்றாள். அம்புலன்ஸ் வந்தபோதும் அது வற்றியிருக்கவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். திரும்பி வந்து குடிக்கட்டும் என்று அவள் அடுப்பை அணைக்கவில்லை.

கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டினார்கள். இடையில் காஸ் முடிந்தது. கஷாயம் தொடர்ந்து கொதித்தது. கீழ்வீட்டு பேர்னாட் இருமுவது கேட்டு, நஸீறா ஒரு ஜக்கில் வார்த்துக் கயிற்றில் கட்டி பல்கனியால் இறக்கினாள். பாத்திரத்தில் அளவு குறையவில்லை. பேர்னாட் சுகமானார். அதற்குப் பிறகு ஒழுங்கைச் சனம் முழுவதும் ஜக்கோடு வந்து நின்றது. "ராத்தா, வத்த மட்டும் விட்டுராதீங்க, எங்கட பாடு பிசகிரும்," என்று பேர்னாட் கீழிருந்து சத்தம் வைத்தார். சுகாதாரப் பரிசோதகரும் முகக்கவசத்தை இறக்கி ஒரு கோப்பை குடித்துவிட்டு, சீனி காணாது என்றார். நஸீறா பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஒன்பதாம் நாள் ஒரே மகன் முர்ஷிதை மட்டும் ஆஸ்பத்திரி வான் வண்டியில் கூட்டிப் போனார்கள். மாலையில் வந்தவன், வாப்பா மவுத்து, அடக்கியாச்சு என்றான். எங்கே என்று கேட்டாள். தூரத்தில் என்றான். பிறகு வெகுநேரம் குளித்தான். அடுத்த வருடம், தொற்றில் இறந்தவர்களைக் கிழக்கே ஓட்டமாவடியில் அடக்கலாம் என்று முதல்முறையாக அனுமதி வந்தது. அன்றிலிருந்து அவனது பொய்க்கு ஓர் ஊர்ப்பெயர் கிடைத்தது. நஸீறா திகதியை ஒத்துப் பார்க்கவில்லை.

நாட்டில் காஸ் இல்லாமற்போன வருடம், அயல் வீட்டுத் தாய்மார் பால்போத்தல்களைக் கொண்டுவந்து அந்தப் பாத்திரத்தின் ஆவியில் பிடித்துச் சூடாக்கினார்கள். முர்ஷித் கல்யாணம் முடித்தான். மருமகள் ஷஹீமா வந்த அன்றே தேத்தண்ணி அடுப்பு எது, கொத்தமல்லி அடுப்பு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். வாப்பாவை அடக்கிய கப்றைப் பார்க்கக் கூட்டிப் போ என்று நஸீறா வருடா வருடம் மகனைக் கேட்டாள். ஒரு வருடம் பெற்றோல் இல்லை. ஒரு வருடம் லீவு இல்லை. ஒரு வருடம் ஷஹீமாவுக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது.

இந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் நஸீறா தானே ஓட்டமாவடி பஸ்ஸுக்கு இரண்டு சீட் போட்டாள். புறப்படும் பின்னேரம் அபாயாவைப் போட்டுக்கொண்டு கஷாயத்தை பிளாஸ்கில் நிரப்பினாள். வற்றாவிட்டாலும் பரவாயில்லை, கப்றடியில் ஊற்றப் போவதாக ஷஹீமாவிடம் சொன்னாள்.

"அண்டைக்கு ஒரு மொடறு குடுத்திருக்கலாம்."

முர்ஷித் உம்மாவின் கையிலிருந்து பிளாஸ்கை வாங்கினான். மூடியைத் திறந்து முழுவதையும் பாத்திரத்தில் திருப்பி ஊற்றினான். அளவு கூடவும் இல்லை. எட்டுக் கோப்பையிலேயே நின்று கொதித்தது.

"பஸ் போயிரும் மகன்," என்றாள்.

"உம்மா, ஓட்டமாவடில வாப்பா இல்ல," என்றான். "வாப்பாவ எரிச்சிட்டாங்க."