வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி

காலை ஏழு மணிக்கே எபி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூடத்தில் அவன் அப்பா லாசரஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். இரும்புலியூர் வீட்டு வாசலில் ஷாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பத்தரை மணிக்குத் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைக் குடும்பத்தில் ஒருவர் எழுந்து வாசிப்பது அந்தச் சபையின் வழக்கம். ஒரே மகன் என்பதால் அது எபியின் தலையில் விழுந்தது.

செத்துப்போனவரைப் பற்றி ஒரு பக்கம் நல்லதாக எழுதுவது நமக்கெல்லாம் கைவந்த கலை. உயிரோடு இருந்தபோது அவரிடம் நாலு வார்த்தை முகம் கொடுத்துப் பேசாதவர்களுக்கு இது இன்னும் நன்றாக வரும். எபியும் மளமளவென்று தட்டினான். இருபத்து மூன்று வயதில் தீயணைப்புத் துறையில் சேர்ந்தது, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கப்போய் விலா எலும்பு முறிந்தது, சுனாமியின்போது ஒன்பது நாள் வீட்டுக்கு வராதது, பட்டாசுக் கடைக்காரர் கொடுத்தனுப்பிய ஸ்வீட் பாக்ஸை அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பியது, மாவட்ட அதிகாரியாக ஓய்வு பெற்றது.

அம்மா தபீதாள் பின்னால் வந்து நின்று படித்தாள்.

"பதக்கத்தப் பத்தி ரெண்டு வரி சேத்துப் போடுப்பா. பேப்பர்லகூட போட்டோ வந்துச்சே."

எபி இரண்டு வரி சேர்த்தான். 'மாணவியர் விடுதியில் ஏற்பட்ட தீ விபத்தில் ஒன்பது உயிர்களைக் காத்ததற்காக அரசின் வீரப் பதக்கம் பெற்றார். கறைபடாத கைகளுக்குச் சொந்தக்காரர்.' அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்த விடுதி கேசவன் என்ற கல்லூரி முதலாளியுடையது. அதற்குத் தீ பாதுகாப்புச் சான்றிதழ் கேட்டு லாசரஸிடம் மனு வந்தபோது, அவர் நேரில் போய்ப் பார்த்தார். இரண்டாவது படிக்கட்டின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது; உள்ளே உடைந்த கட்டில்கள் அடைத்திருந்தன. மூன்று தடவை மனுவைத் திருப்பி அனுப்பினார். நாலாவது தடவை கேசவனே வந்து, பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைக்கவில்லையாமே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பதினேழு வயது எபிக்கு அது போதாதா? இரண்டு நாள் சாப்பிடாமல் கவிழ்ந்து படுத்து அழுதான். "ஊர்ல எல்லா ஆபீசரும் பிள்ளைக்கு எப்படி சீட் வாங்கறாங்க? நீங்க மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிச்சீங்களா?" என்று தபீதாள் கேட்டாள். மூன்றாம் நாள் லாசரஸ் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்; எபிக்குக் கேசவன் கல்லூரியில் சீட் கிடைத்தது. முப்பத்தைந்து வருட வேலையில் அந்த ஒரே ஒரு கையெழுத்துதான். ஒன்று போதும் என்பதுதான் கொடுமை.

மூன்று வருடம் கழித்து அந்த விடுதி தீப்பிடித்தது. வண்டியோடு போன லாசரஸ் தானே மாடி ஏறினார். ஒன்பது பெண்களைக் கீழே கொண்டுவந்தார். பத்தாவது பெண் இரண்டாவது படிக்கட்டின் பூட்டிய கதவருகே கிடந்தாள். புகையில் மூச்சு நின்றிருந்தது. விசாரணையில், அன்றைக்குக் கதவைப் பூட்டியது வாட்ச்மேன்தான் என்று முடிவாகி, அந்த ஏழை ஜெயிலுக்குப் போனான். லாசரஸுக்குப் பதக்கம் வந்தது. வீட்டில் மூன்று பேருக்கும் உண்மை தெரியும். மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, சுத்த மனசோடு வாங்க வேண்டிய திருவிருந்து அப்பத்துக்கு அவர் தேவாலயத்தில் எழுந்து போனதே இல்லை. முட்டி வலி என்பார். சபையாரும் நம்பினார்கள்.

பெட்டி ஏற்ற வண்டி வந்தபோது, கையில் சம்பங்கி மாலையுடன் ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அறுபது வயதிருக்கும். மாலையைச் சாத்திவிட்டு எபியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீதான் சார் புள்ளையா? அதே மூக்கு. நா குப்பம்மா. கானத்தூர்ல மீன் விக்கிறேன். ஹாஸ்டலு தீயில போச்சே வெண்ணிலா, அவளோட அம்மா. பயர் ஸ்டேசன்ல வேல பாத்த ஒரு தம்பி போன் போட்டு சொல்லிச்சு."

எபி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்; அவள் உட்காரவில்லை.

"எம் பொண்ண தோள்ல போட்டுகினு மூணு மாடி எறங்கியாந்தாரு சாரு. அப்பால வருசா வருசம் அந்த நாளுக்கு வூட்டுக்கு வருவாரு. ஒரு டம்ளரு தண்ணிகூட வாங்கமாட்டாரு. சும்மா குந்தியிருந்துட்டு பூடுவாரு. இந்தக் காலத்துல எந்த ஆபீசரு வரான்? எல்லாம் துன்ற பசங்க. இவரு ஒருத்தருதான் மனுசன்."

அப்பா ஒவ்வொரு வருடமும் ஒருநாள் காலையில் சொல்லாமல் கிளம்பிப் போவார். எங்கே என்று எபி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

தேவாலயம் நிறைந்திருந்தது. ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்கள் பழைய சீருடைத் தொப்பியை மடியில் வைத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயர் அழைத்ததும் எபி எழுந்து போய் வாசித்தான். மாடு, சுனாமி, ஸ்வீட் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் ஜனங்கள் தலையாட்டினார்கள். பதக்கத்தை வாசித்தபோது கடைசி பெஞ்சில் குப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'கறைபடாத கைகள்' என்ற அடுத்த வரியை வாசிக்க எபிக்கு வாய் வரவில்லை.

"மன்னிக்கணும். இதுக்கு மேல எழுதியிருக்கறது பொய்," என்றான்.

தபீதாள் முன்வரிசையிலிருந்து, "எபி, போதும்பா, வந்து உக்காரு," என்று அடிக்குரலில் கெஞ்சினாள். அவன் உட்காரவில்லை. பூட்டிய கதவையும், திருப்பி அனுப்பிய மனுவையும், தனக்குக் கிடைத்த சீட்டையும், ஜெயிலுக்குப் போன வாட்ச்மேனையும் ஒன்று விடாமல் சொன்னான். "கையெழுத்து அப்பாவோடது. ஆனா கேட்டது நான். அழுது அழுது கேட்டேன்," என்று முடித்தான்.

ஆயர் வேதப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருவர், "சாவு வீட்ல பேசற பேச்சா இது?" என்று முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்று எபி நினைத்திருந்தான். இறங்கவில்லை. இத்தனை வருடம் கழித்து, அதுவும் கையெழுத்துப் போட்டவர் செத்த பிறகு சொல்கிற உண்மை யாருக்கு என்ன செய்துவிடும்?

குப்பம்மா எழுந்து நடுப்பாதையில் நடந்து வந்தாள். கத்தவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "நெசமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்மா."

குப்பம்மா லாசரஸின் முகத்தைப் பார்த்துவிட்டு எபியின் பக்கம் திரும்பினாள்.

"பதினாறு வருசமா இந்த ஒலகத்துல நல்லவரு ஒருத்தராவது கீறாருன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். எம் பொண்ணுதான் போனா, அது ஒன்னு மிச்சமிருந்துச்சு. அத்தயும் இன்னிக்கி எடுத்துகினியே தம்பி."

எபி அவள் காலில் விழப்போனான். குப்பம்மா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"வோணாம். மன்னிப்பு கேக்கறதுக்கு அவ இல்ல. அவளுக்கு பதிலா மன்னிக்க எனக்கு ரைட்டும் இல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவ நானு, ஆனா ஒன்னு தெரிஞ்சிகினேன். லஞ்சம் வாங்குனான், லஞ்சம் வாங்குனான்னு ஆபீசரையே திட்டிகினு கீறோம். அத்த வூட்ல குந்திகினு கேக்கற பொண்டாட்டி புள்ளைங்கள ஒருத்தரும் திட்டறதில்ல. உனுக்கு ஒரு கதவு தொறக்கணும்னு அழுத. அதுக்காவ எம் பொண்ணுக்கு ஒரு கதவ பூட்டியே வுட்டாங்க. இனிமேலாவது குறுக்கு வழியில எதனா கேக்கசொல்ல, அது யாரு புள்ளயோட உசுருன்னு கேட்டுட்டு அப்பால கேளுங்க."