பரீட்சைக்குப் போன நாள்

தங்கச்செல்வி முப்பத்தேழு வயதில் பி.ஏ. படிக்கிறாள் என்பதை ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பிய மீதிப் பேர் சிரித்தார்கள். "பேரன் எடுக்குற வயசுல பையத் தூக்கிட்டுப் போறா பாரு" என்று பஸ் நிறுத்தத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் எந்தச் சனிக்கிழமையும் விடிந்ததில்லை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "பேரன் வந்தா அவனுக்கும் சேத்து நானே பாடஞ் சொல்லிக் குடுப்பேன்ல" என்று சொல்லிவிட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

பரளச்சிக்குக் கிழக்கே, மழை பெய்தால் மட்டும் பச்சை தெரிகிற ஊர் அது. லோடு இறக்கும்போது மூட்டை சரிந்து அவள் புருசன் இறந்தபோது மகளுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு அவளைத் தாங்கியவை இரண்டு. ஒன்று, விதவைகளுக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகை. இன்னொன்று, ஊர்க் கண்மாயில் மண் வெட்டுகிற நூறு நாள் வேலை. இரண்டும் சேர்ந்தால் ஒருத்தி சாகாமல் இருக்கலாம். அதற்கு மேல் அவள் ஏதாவது ஆசைப்பட்டால் அது அவள் பாடு.

அவள் ஆசைப்பட்டுவிட்டாள். தபால்வழிப் படிப்பு, அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் சனி, ஞாயிறு வகுப்பு. டிகிரி இருந்தால் அரசாங்கத் தேர்வு எழுதலாம், ஆதரவற்ற விதவைக்கு வயதில் சலுகை உண்டு என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு நாற்காலி. மேலே ஒரு காற்றாடி. வெயில் ஜன்னலுக்கு வெளியே நிற்கவேண்டும், அவள் உள்ளே இருக்கவேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. கண்மாய்க்குள் பத்து வருசம் மண் வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய ஆசை என்று தெரியும்.

உதவித்தொகை பீஸுக்கும் பஸ்ஸுக்கும் போனது. கூலி சோற்றுக்குப் போனது. வகுப்பு இல்லாத நாளில் பருத்தி எடுக்கப் போனாள், கருவேலங்கரி மூட்டம் போடுகிறவர்களிடம் விறகு அடுக்கப் போனாள். உழைத்த உடம்பு புத்தகத்தைத் திறந்ததும் தூங்கிவிடும் என்பதால் நின்றுகொண்டே படித்தாள். மகளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு பருவத்தில் இரண்டு பாடம் போயிற்று, திரும்ப எழுதினாள். இப்படியே இழுத்துப் பறித்து மூன்றாம் வருசத்தின் கடைசிப் பரீட்சைக்கு வந்துவிட்டாள். அது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்குக் கண்மாயில் வேலையும் இருந்தது.

பணித்தளப் பொறுப்பாளர் அமுதவள்ளி பக்கத்துத் தெருக்காரி. ஆட்களின் பெயரைப் படித்து, காலையில் ஒரு முறையும் மத்தியானத்துக்கு மேல் ஒரு முறையும் செல்போனில் எல்லாரையும் போட்டோ எடுத்து அனுப்புவது அவள் வேலை. போட்டோவில் தலை இருந்தால் கூலி. அவளிடம் தங்கச்செல்வி முதல் நாளே சொல்லிவிட்டாள். "நாளைக்கு நான் வரலக்கா. கடைசிப் பரீட்ச. என் பேரை விட்டுரு."

"நல்லா எழுதிட்டு வா தாயீ" என்றாள் அமுதவள்ளி.

நல்லபடியாகத்தான் எழுதினாள். கேட்ட கேள்வி எல்லாம் படித்த கேள்வி. வெளியே வந்ததும் கூடப் படித்த பிள்ளை ஒருத்தி, அவளுக்கு மகள் வயசு, "அக்கா, காலேஜ் கேட்டுக்கிட்ட நில்லுங்க" என்று கையில் ஹால் டிக்கெட்டோடு ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தாள். தங்கச்செல்வி அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். 'இன்று கடைசித் தேர்வு முடிந்தது' என்று கீழே எழுதினாள். வாழ்க்கையில் அவள் வைத்த முதல் ஸ்டேட்டஸ் அது. சந்தோசப்படுவதற்கு அவளுக்குப் பழக்கம் இல்லை. பழகாத காரியத்தைச் செய்தால் கை தவறத்தான் செய்யும்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது புருசனின் அக்கா குருவம்மாள் கையை உதறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் மண். தங்கச்செல்வி வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீலக் கட்டம்போட்ட சட்டை அவள் மேலே இருந்தது.

"ஓங் குழிய வெட்டிட்டேன்டி" என்றாள் குருவம்மாள். "ரெண்டு போட்டோவுக்கும் நின்னாச்சு. ஒரு நாள் கூலிய எதுக்கு விடணும்?"

இந்தப் பக்கத்துப் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டு, தலையோடு முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டுதான் மண் வெட்டுவார்கள். பெற்ற பிள்ளைக்கே அம்மாவை அடையாளம் தெரியாது. குருவம்மாளுக்கு அந்த வருசத்து நூறு நாளும் முடிந்துவிட்டது, பட்டியலில் பெயர் இல்லை. கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அமுதவள்ளி முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். கூட நின்ற பெண்கள் விடவில்லை. "பாவம், படிக்கிற புள்ளைக்குக் கூலி போகலாமா" என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் மனசில் கள்ளம் கிடையாது. களை எடுக்கும் காட்டில் ஒருத்திக்குப் பிள்ளை அழுதாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ பக்கத்தில் இருப்பவள் அவள் நிரையையும், அவள் பங்கு வரிசையையும், சேர்த்து எடுத்துக்கொண்டு போவாள். கூலி நிரைக்காரிக்குத்தான். அம்மா காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். அதைத்தான் கண்மாயிலும் செய்தார்கள். அரசாங்கத்துச் செல்போனுக்கு அந்த வழக்கம் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

தங்கச்செல்விக்குத் தெரியும். அவள் படித்தவள். தெரிந்தும் அப்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அந்தப் பொம்பளை நாள் பூராவும் வெயிலில் குழி வெட்டிவிட்டு, அதில் ஒரு பைசா தனக்கு வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய்ச் சட்டம் பேசுவதா? "காப்பி போடுறேன் மதினி" என்று உள்ளே போய்விட்டாள்.

ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களில் வெள்ளத்துரையும் ஒருவர். தன் வீட்டுக்காரிக்குக் கிடைக்கவேண்டிய பொறுப்பாளர் வேலை அமுதவள்ளிக்குப் போன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டேட்டஸைத் தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொண்டார். அந்த வியாழக்கிழமை வருகைப் பதிவில் தங்கச்செல்வி பெயர் ஏறியிருப்பதை நெட்டில் பார்த்து அதையும் எடுத்துக்கொண்டார். நூறு நாள் வேலைக் கணக்கைச் சரிபார்க்கிற சமூகத் தணிக்கைக்கு வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்தபோது இரண்டையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டார். மறுநாள் கிராம சபையில் விசாரணை என்று ஆயிற்று.

அன்று சாயங்காலம் வெள்ளத்துரை தங்கச்செல்வி வீட்டுக்கே வந்தார். "ஓம் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லத்தா. நீ பாட்டுக்குப் படி, பெரிய ஆளா வா. அன்னைக்கு நான் பரீட்ச எழுதப் போயிட்டேன்னு உள்ளதச் சொன்னாப் போதும். ஒனக்கு ஒண்ணும் வராது."

உண்மைதான் அவர் கேட்டது. அதுதான் கொடுமை. உள்ளதைச் சொன்னால் அமுதவள்ளிக்கு வேலை போகும். ஆள்மாறாட்டம் என்று குருவம்மாள் மேல் கேஸ் வரும். விசாரணை முடிகிறவரை கண்மாய் வேலை நிற்கும். மழை இல்லாத வருசத்தில் அத்தனை வீட்டு அடுப்பும் அதை நம்பி இருந்தது. உள்ளதைச் சொல்லாமல், அன்றைக்கு நான் வேலையில்தான் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்தால், அவள் பெயரில் பரீட்சை எழுதியது யார் என்று பல்கலைக்கழகம் கேட்கும். ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அந்த விதியை அவள் பல தடவை படித்திருக்கிறாள். ஆள்மாறாட்டம் என்றால் எழுதிய எல்லாத் தாளும் ரத்து. இனி எந்தக் காலத்திலும் அந்தப் பல்கலைக்கழகத்தில் எழுத முடியாது.

வெள்ளத்துரை போன கொஞ்ச நேரத்தில் அமுதவள்ளி வந்தாள். பின்னாலேயே குருவம்மாளும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். அமுதவள்ளி அழுத அழுகையில் மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள தங்கம்" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"போட்டோ அதுக்கு முந்தின பரீட்சையில எடுத்ததுன்னு சொல்லிரு" என்றாள் ஒருத்தி. "கடைசிப் பரீட்சைக்கு நீ போகவே இல்லைன்னு சொல்லிரு."

"அப்படிச் சொன்னா என் படிப்பு போயிரும்க்கா."

"ஒரு பரீட்சதானடி" என்றாள் குருவம்மாள். "அத அடுத்த வருசம் எழுதிக்க. பரீட்ச எங்கிட்டு ஓடிப்போகுது?"

தங்கச்செல்வி விளக்கிப் பார்த்தாள். ஒரு பரீட்சை இல்லை, மூன்று வருசமும் போய்விடும், திரும்பச் சேரவும் விடமாட்டார்கள் என்று எத்தனையோ விதமாகச் சொன்னாள். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் மனசில் அது ஏறவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கூலி போவது அவர்களுக்குப் புரியும், வேலை போவது புரியும், கேஸ் புரியும். கையில் இன்னும் வராத ஒன்று எப்படிப் போகும்?

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. யார் உங்களை நிற்கச் சொன்னது என்று கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் புருசன் செத்த வருசம் அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மகளுக்குச் சோறு போட்டது இதே குருவம்மாள். பீஸ் கட்டப் பணம் இல்லாதபோது மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தது இதே அமுதவள்ளி. பகைவன் கெடுத்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். பாசம் வைத்தவர்கள் கெடுத்தால் மனுசி எங்கே போய் முட்டிக்கொள்வது?

கிராம சபை சமுதாயக் கூடத்தில் நடந்தது. தணிக்கைக்கு வந்த அம்மா நல்ல மாதிரி. அதட்டவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தலைக்கு மேலே காற்றாடி சுற்றியது.

"இந்தப் போட்டோ நீங்கதானே?"

"நாந்தான் மேடம்."

"அன்னைக்கு நீங்க வேலையில இருந்தீங்களா, காலேஜ்ல இருந்தீங்களா?"

தங்கச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் அமுதவள்ளி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்து குருவம்மாள். தங்கச்செல்வி அவளையே பார்த்தாள். யாராவது ஒருத்தி எழுந்து, அவ இல்ல, நாந்தான் நின்னேன் என்று சொல்லிவிடமாட்டாளா என்று கடைசி நிமிசம் வரைக்கும் அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. குருவம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலையிலதான் இருந்தேன் மேடம்."

"அப்ப இந்த ஸ்டேட்டஸ்?"

"முந்தின பரீட்சைக்குப் போனப்ப எடுத்தது. கடைசிப் பரீட்சைக்கு நான் போகல. வெக்கத்துல, முடிஞ்சிருச்சுன்னு சும்மா போட்டேன்."

வெள்ளத்துரை துள்ளி எழுந்தார். "பொய்யி மேடம்! பச்சப் பொய்யி! இத அப்படியே யுனிவர்சிட்டிக்கு அனுப்புங்க, தெரிஞ்சிரும்."

அந்த அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தங்கச்செல்வியிடம் குரலைத் தாழ்த்தினார். "அவர் கேட்டா நான் நகல் கொடுத்துத்தான் ஆகணும்மா. அது அங்க போனா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்ல? நல்லா யோசிச்சுக்கோங்க."

"தெரியும் மேடம்."

"அப்ப நீங்களே எழுதிக் கொடுங்க. எழுதத் தெரிஞ்சவங்கதானே."

தங்கச்செல்வி பேனாவை வாங்கினாள். அந்தக் கை வியாழக்கிழமை மூன்று மணி நேரம் நிற்காமல் எழுதியது. இப்போது நாலு வரி எழுதப் பாறையை நகர்த்துவதுபோல இருந்தது. மேற்படி தேதியில் நான் கண்மாய்ப் பணியில் இருந்தேன். அன்றைய தேர்வை நான் எழுதவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மா வாங்கிப் படித்துவிட்டு, எழுத்து அழகாக இருக்கிறது என்று சொன்னார். சொன்ன பிறகு, சொல்லியிருக்கவேண்டாம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அமுதவள்ளி கட்டிப்பிடித்து அழுதாள். ஒருத்தி கலர் பாட்டிலை உடைத்துக் குடி குடி என்று கையில் திணித்தாள். எல்லாருக்கும் முகத்தில் உயிர் வந்திருந்தது. அவர்கள் சந்தோசம் நியாயமான சந்தோசம்தான். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. மூன்று வருசம். நின்றுகொண்டே படித்த மூன்று வருசம். அதை நாலு வரியில் அவளே அழித்துவிட்டு வந்திருக்கிறாள், அழகான எழுத்தில். மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் வறண்டு கிடந்தது.

கூட்டம் கலைந்த பிறகு குருவம்மாள் மட்டும் கூடவே நடந்து வந்தாள். வீட்டு வாசல் வந்ததும் தங்கச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சியே சரியில்லடி. நாளைக்கு வேலைக்கு வராத, வீட்டுல படுத்துக்க. ஒனக்குப் பதிலா நான் போட்டோவுக்கு நின்னுக்கிறேன்."

தங்கச்செல்வி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மதினி" என்றாள். "நானே வாரேன். இனிமே நான் எங்கிட்டும் போக மாட்டேன்."