அடியெடுத்துக் கொடுப்பவள்

...தன்னைத்தான் கூப்பிடுகிறார்களா, கோச்சின் கைகள் இந்தப் பக்கம்தான் திரும்பின, ஆனால் இந்தப் பக்கம் கோட்டோரமாக உடம்பைச் சூடேற்றி ஓடிக்கொண்டிருப்பவர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே பச்சை மேல்சட்டை, எஸினாம் ஓட்டத்தை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள், நின்று பார்த்துவிட்டு அது தனக்கில்லை என்று ஆகிவிட்டால் இந்தக் கால்களை மறுபடி ஓடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும். நைஜீரியா இப்போதுதான் கோல் போட்டிருந்தது. ஒன்றுக்கு ஒன்று. பெண்கள் கால்பந்து, ஆப்பிரிக்கக் கோப்பையின் அரையிறுதி, ஜெயித்தால் இறுதி ஆட்டம், தோற்றால் மூன்றாம் இடத்துக்கு ஒப்புக்கு ஓர் ஆட்டம், பிறகு விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் அக்ராவுக்குத் திரும்ப வேண்டியதுதான், மைதானத்தில் கானாப் பெண்கள் பத்துப் பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு புல்லைப் பார்த்தபடி நிற்கிறார்கள், கோல்கீப்பர் மட்டும் கையுறையை மண்ணில் தட்டிக்கொண்டிருக்கிறாள், எப்படி விட்டோம் அந்தப் பந்தை, யார் விட்டது... கோச் அராபா இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்த்து விரித்து, ஏதோ கனமான பாத்திரத்தைத் தூக்குவதுபோல உயர்த்திக் காட்டினாள். மறுபடியும். அது எஸினாமுக்கு நன்றாகத் தெரிந்த சைகை. பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து எழுந்து திரும்பி கோச் அதைத்தான் காட்டுவாள், எழுப்பு, பிள்ளைகளை எழுப்பு என்று.

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நா ட்ரோமோவும் பார்த்துவிட்டாள். "என்னடி முழிக்கிற, பாடச் சொல்றாங்க. எடு." சரிதான், வேறு என்னவாக இருக்க முடியும், இந்த நேரத்தில், இப்படித் தலை தொங்கிப்போயிருக்கும்போது, இதற்காகத்தானே தன்னை இவ்வளவு தூரம் கூட்டிவந்தார்கள்... நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இறங்கி உட்கார்ந்தது, ஆனால் கைகள் அதற்குள் தட்ட ஆரம்பித்துவிட்டன, தொண்டையும் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது, கதவைத் தட்டுறது யாரு, என்று நீட்டி எடுத்தாள், பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள், நாங்கதான், நாங்கதான், தண்ணீர் பாட்டில்களைப் பெட்டிமேல் தட்டுகிறாள் ஒருத்தி, பிசியோகூடத் தலையாட்டுகிறார், கேலரியின் ஒரு மூலையில் கானாவின் மஞ்சள் சட்டைக் கூட்டம் கொஞ்சமாக இருந்தாலும் பாட்டைப் பிடித்துக்கொண்டது, மறுபடி அவள், தட்டினா திறக்குமா, உடைச்சாத் திறக்குமா... அவள் பாடினால் இப்படித்தான், ஒரு வரி போனால் இருபது குரலாகத் திரும்பி வரும், அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பஸ் கிளம்பும்போது முதல் அடி அவளுடையது, இறங்கும்போது அவள்தான் முன்னால், உடை மாற்றும் அறையின் கதவுக்குள் கடைசிப் பெண் நுழையும்வரை பாட்டு நிற்கக்கூடாது, நின்றால் அன்றைக்கு ஆட்டம் போச்சு என்று எல்லோருக்கும் ஒரு பயம். அதனால் எல்லோரும் அவளைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார்கள். இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர், ஏசிக்கு நேராகப் படுக்காதே, ஐஸ் தண்ணீர் தொடாதே. உதவி கோச் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், எங்க எஸினாம் குரல் இருக்கே, அது பன்னிரண்டாவது ஆட்டக்காரி. சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்படியென்றால் எஸினாம் எத்தனையாவது ஆட்டக்காரி, என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. காலிறுதியில் ஜெயித்துக்கொண்டிருந்தபோது, இப்பவாவது இவளை இறக்கலாமே என்று யாரோ சொல்ல, நா ட்ரோமோ, "ஐயையோ வேணாம், கால் சுளுக்கிக்கிட்டா அடுத்த மேட்சுக்கு யாரு பாடுறது" என்றாள். பெஞ்சே சிரித்தது. எஸினாமும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள், அது ஏன்...

அம்மாகூட அதையேதான் சொன்னாள், வேண்டுமென்று இல்லை. ஊரில், அந்தக் கேட்டா கடற்கரையில், மீன் புகை போடும் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் பேசினாள் போலிருக்கிறது, இருமிக்கொண்டே இருந்தாள். "டிவில பார்த்தோம்மா. பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீதான் முன்னாடி. தெருவே கைதட்டுச்சு. அப்புறம் மேட்ச் முழுக்க உன்னைக் காணோமே, எங்க போன?" பெஞ்சில் இருந்தேம்மா. "பெஞ்சுல என்ன வேலை?" என்ன வேலை. அம்மா, நீ கேட்டது சரியான கேள்வி...

"ஏய்." கோச் அராபா கோட்டோரமாக ஓடியே வந்துவிட்டாள், மூச்சு வாங்குகிறது, முகத்தில் கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. "எஸினாம், நான் என்ன உன்னைக் கச்சேரியா வைக்கச் சொன்னேன்? மேல்சட்டையைக் கழட்டு. உள்ள போற."

கைதட்டல் அவள் கைகளிலேயே செத்துப்போனது. உள்ளேயா. நானா. "நீதான். இடது பக்கம். நைஜீரியாவோட அந்தப் பெரிய பொண்ணு எபியேரே களைச்சுப் போயிருக்கா, திரும்பவே நேரமாகுது, அவளைச் சும்மா விடாத, ஓடு, ஓட வை. புரியுதா?" புரிந்தது, புரியவில்லை, மேல்சட்டை தலையில் சிக்கிக்கொண்டது, பச்சைத் துணிக்குள் ஒரு கணம் உலகமே பச்சையாக இருந்தது, யாரோ பிடித்து இழுத்துவிட்டார்கள், நா ட்ரோமோதான், அவள் இப்போது சிரிக்கவில்லை, ஷின் கார்டைக் குனிந்து சரிசெய்துவிட்டு, "போடி, போ, பாட்டை நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். நாங்க பாத்துக்கிறோம்... இவ்வளவு லேசாகவா. எண் பலகை உயர்ந்தது, பதினேழு என்று பச்சையில் எரிந்தது, அந்தப் பதினேழு நான், உள்ளே இருந்து வருகிறவள் நொண்டிக்கொண்டே வந்து கையைத் தட்டிவிட்டுப் போனாள், கோடு, வெள்ளைக் கோடு, அதைத் தாண்டியாயிற்று.

புல் இவ்வளவு மெத்தென்றா இருக்கும்? பயிற்சியில் தெரியவில்லையே. கேட்டா கடற்கரையில் காயப்போட்ட வலைகளுக்கு நடுவில், கணுக்கால் புதையும் மணலில்தான் அவள் ஓடப் பழகினாள், ஒவ்வோர் அடிக்கும் மணல் காலைப் பிடித்து வாங்கிக்கொண்டுதான் விடும், அதனால் புல் என்றால் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி. எபியேரே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு அணிக்கும் ஒரே ஹோட்டல், லிஃப்டில் எதிரும் புதிருமாக நின்றிருக்கிறார்கள். "அட, பாட்டுக்காரி," என்றாள் எபியேரே, "காலைல தூங்கவிடாம கத்துறது நீதானா? இங்க எதுக்கு வந்த, மைக் இல்லையே."

"உன்னைத் தூங்க வைக்கத்தான் வந்தேன் அக்கா."

"உங்க ஊரு ஜொலோஃப் சோறு மாதிரி இருக்கு உன் பேச்சு. உப்பே இல்ல."

முதல் பந்து வந்தது, நேராகக் காலுக்குத்தான் வந்தது, அதை நிறுத்தத் தெரியாதா அவளுக்கு, நிறுத்தினாள், ஆனால் பந்து பூட்ஸின் ஓரத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே உருண்டது, நைஜீரியப் பெஞ்சிலிருந்து சிரிப்பு, கேலரியிலிருந்து ஒரு பெரிய ஐயோ. இவளுக்குப் பாட்டுதான் வரும். யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள், அவள் குரலிலேயே கேட்டது. கேப்டன் அஸாராட்டு தூரத்திலிருந்து கையைத் தட்டி, விடு, விடு, அடுத்தது, என்றாள். அடுத்தது எப்போது வரும், வருமா, இன்னும் எவ்வளவு இருக்கிறது, கடிகாரத்தைப் பார்க்காதே, எபியேரேயின் தோளைப் பார், அவள் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, ஆமாம், வலதுபக்கம் திரும்ப அவளுக்கு நேரமாகிறது, கோச் சொன்னது சரி, பெரிய உடம்பு, நல்ல உடம்பு, ஆனால் களைத்த உடம்பு... அப்போதுதான் நடுவிலிருந்து யாரோ கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து இடது மூலையைப் பார்த்து நீளமாகப் போனது. யாருக்கும் ஆகாத பந்து. எபியேரே அதன் கூடவே போய், உடம்பை நடுவில் வைத்து, தானாக வெளியே போகட்டும் என்று நிதானமாக நடந்தாள், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், எஸினாமும் விட்டிருக்கலாம். கால்கள் விடவில்லை. அவள் குனிந்து அந்தப் பெரிய தோளுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்தாள், பந்து வெள்ளைக் கோட்டின்மேல், பாதி உள்ளே பாதி வெளியே, கால் நுனி பட்டது, இழுத்தாள், வந்தது, எபியேரே திரும்புகிறாள், திரும்புகிறாள், இன்னும் திரும்பி முடிக்கவில்லை, எஸினாம் கோல் கோட்டை ஒட்டியே ஓடுகிறாள், கொடி, பந்து வெளியே என்று கொடி தூக்குவார்களா, தூக்கவில்லை, ஓடு, தலையைத் தூக்கிப் பார், கூட்டம், கால்கள், சட்டைகள், அதற்குள் எங்கோ அஸாராட்டுவின் கை ஒன்று, அங்கே, தரையோடு, பலமாக... அஸாராட்டுவின் முழங்காலா தொடையா, எதில் பட்டதென்று அவளுக்கே தெரிந்திருக்காது, வலை உப்பியது.

சத்தம் முதலில் வரவில்லை. பிறகு மொத்தமாக வந்தது. எல்லோரும் ஓடி வருகிறார்கள், கோல் போட்டவளைப் பார்த்து ஓடாமல் இவளைப் பார்த்து ஓடி வருகிறார்கள், கோல் போட்டவளே இவளைப் பார்த்துத்தான் ஓடி வருகிறாள், மூலைக்கொடியின் பக்கத்தில் வந்து மோதி, விழுந்து, எழுந்து, தோளோடு தோள் வட்டமாக, வியர்வையும் புல்லும் அழுகையும், அஸாராட்டு இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "எடுடி, எஸினாம், எடு" என்றாள். எல்லோரும் நின்றார்கள். இந்தக் கணத்தை அவளுக்குத் தெரியும், முதல் அடி விழுவதற்கு முன்னால் எல்லா முகங்களும் அவளையே பார்த்திருக்கும் இந்தச் சின்ன இடைவெளி, பஸ்ஸில் அவளுக்கு இதைவிட இனித்தது எதுவுமில்லை. வாயைத் திறந்தாள். வரி நாக்கிலேயே இருந்தது. அவள் கொடுக்கவில்லை. "மூச்சு வாங்குதுடி அவளுக்கு, விடு" என்று யாரோ சொல்ல, அஸாராட்டுவே தன் கரகர குரலில், சுருதி எங்கோ போக, கதவைத் தட்டுறது யாரு, என்று எடுத்தாள், நாங்கதான், நாங்கதான், என்றது வட்டம், எஸினாமும் சொன்னாள், நாங்கதான், எல்லோர் குரலுக்கும் நடுவில் தன் குரல் எது என்று அவளுக்கே கேட்கவில்லை, இந்த வரியை அவள் வாழ்நாளில் பாடியதில்லை, இது எப்போதும் அவளிடம் வந்து சேரும் வரி, இவ்வளவு சூடாகவா இருக்கும் இதற்குள் நின்றால்...

நடுவர் விசில் ஊதி விரட்டினார். இரண்டுக்கு ஒன்று. ஓடினாள், தன் பக்கத்துக்கு, தன் இடத்துக்கு, இன்னும் நேரம் இருக்கிறது, நைஜீரியா விடாது, பந்தை நடுவில் வைத்துவிட்டார்கள், அடித்தும்விட்டார்கள், அவள் பின்னால் இருந்த பெண் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள், எபியேரே அந்தப் பெண்ணின் முதுகுப் பக்கமாகத் திருட்டுத்தனமாக முன்னேறுகிறாள். "பின்னாடி, பின்னாடி பாரு" என்று எஸினாம் கத்தினாள். மைதானத்தின் அந்தக் கோடிவரை போயிற்று அந்தக் குரல், நைஜீரியப் பெஞ்சில்கூட இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், தெளிவாக, முழுசாக, துளி மூச்சு வாங்காமல். பந்து அவள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அங்கே, மூலைக்கொடியின் பக்கத்தில், குரல் இருந்தது, மூச்சும் இருந்தது... இருந்தும்தான் கொடுக்காமல் வைத்துக்கொண்டாளா?