வெளிவாசல் வாள்

அப்பாவின் சட்டைக் கழுத்துப் பொத்தானை மகள் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சங்கத்துச் செயலாளர் அந்த நீளமான துணி உறையோடு அறைக்குள் வந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

"அத இங்க வைக்காதீங்க மாமா."

"வெளிவாசல் காவலர் போயிட்டா வாள் அவர் நெஞ்சு மேல இருக்கணும்மா. அடக்கம் பண்ற வரைக்கும். நூறு வருஷத்துப் பழக்கம்."

"உங்க பழக்கத்தத் தூக்கிக் குப்பையில போடுங்க."

பகலெல்லாம் குழாய் ரிப்பேர் பார்க்கிற அப்பாவுக்கு வியாழன் மாலையானால் கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை. சகோதரர் சங்கத்தின் ரகசியச் சடங்குக் கூட்டம் முடியும்வரை மூடிய கதவுக்கு வெளியே வாளை உருவிப் பிடித்து நிற்க வேண்டும், நகரக்கூடாது. பிடியில் சங்க முத்திரை போட்ட பழங்கால வாள். வெண்ணெயைக்கூட வெட்டாது. ஆனாலும் அதைக் கையில் பிடித்தால் அப்பாவுக்குத் தலைகால் புரியாது.

பதினோரு வருடங்களுக்கு முன் அப்படியொரு வியாழனன்று அம்மாவுக்கு மூச்சு முட்டியது. மகள்தான் சங்கத்துக்குப் போன் செய்தாள். அப்பா வந்து சேர்ந்தபோது அம்மாவின் கை சில்லிட்டிருந்தது. "போன் பண்ணியும் வரல இல்ல? அந்த வாளையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள். அப்பா வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாளே தவிர, முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

செயலாளர் உறையைத் தரையில் வைத்தார். நிமிர முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு உள்ள இருந்து உன் போன எடுத்தது நான்தாம்மா."

"தெரியும்."

"உங்கப்பாகிட்ட நான் சொல்லல."

அவள் விரல்கள் பொத்தானிலேயே நின்றன.

"உங்கம்மாவுக்கு அடிக்கடி வர்ற இழுப்புதானேன்னு நெனச்சேன். பாதிச் சடங்குல கதவத் திறக்கக்கூடாது. அரை மணி நேரம்தானே, முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு... அவன் ஒண்ணும் தெரியாமதாம்மா வெளிய நின்னான்."

"இத ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?"

"நான் வந்து சொல்றேன்னேன். 'வேணாம்டா, யாரையாவது திட்டினாத்தான் அவளுக்கு ஆறும், அது நானாவே இருந்துட்டுப் போறேன்'னான். நானும் நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். கோழைம்மா நான்."

அடப்பாவி மனுஷா, பதினோரு வருஷமா! கிழவரை அறையக்கூடக் கை எழுந்தது. அவர் தாடை நடுங்குவதைப் பார்த்ததும் தானாக இறங்கிவிட்டது. இனி யாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அவள் கணவன் எட்டிப் பார்த்தான். "வண்டி வந்துடுச்சு. எடுத்துடலாமான்னு கேக்கறாங்க."

அவள் உறையை அவிழ்த்து, வாளை எடுத்துச் செயலாளரிடம் நீட்டினாள்.

"வெளிய நில்லுங்க மாமா. நான் திறக்கற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க."

எத்தனையோ வியாழக்கிழமைகள் கதவுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்த மனிதர், மறுபேச்சில்லாமல் வாளை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"என்ன மாமா இது, எவ்வளவு நேரமாகும்?" என்று கணவன் கேட்பது காதில் விழுந்தது.

"தெரியாது மாப்பிள்ளை. வெளிய நிக்கறவனுக்கு எதுவும் தெரியாது."

உள்ளே அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.