ஒரே மூச்சில் பதிந்த கசெற்

1984இல் மானிப்பாயில் எங்கள் வீட்டு முன்னறைதான் 'இரத்தினா ரெக்கோடிங் பார்'. பெயர் அம்மாவுடையது. கேட்ட பாட்டுகளை வெறுங் கசெற்றில் பதிந்து கொடுப்பது என் தொழில். கிற்றார் வாசிப்பது என் திமிர். என்னைவிட நன்றாக வாசிக்க ஊரில் ஆளில்லை என்று நான்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் குழுவில் நான்கு பேர். நான், பேஸ் கிற்றார் வாசிக்கும் தம்பிஐயா, மீனவர் ஊரான குருநகரிலிருந்து வரும் ட்ரம்காரன் அருளப்பு, அவன் தங்கை பெர்னடெட். பாடுவது அவள். தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல்தான், ஆனால் எங்களோடு பாடும்போது அதில் ஒரு கோபம் ஏறும்.

ஒரு பக்கம் எங்கள் சொந்தப் பாட்டுகள், மறுபக்கம் பிறர் பாடிப் பேர்போன பொப் பாட்டுகளும் பைலாவும் என்று ஒரு கசெற் போட முடிவெடுத்தோம். குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பதியும் வசதி என்னிடம் இல்லை. நான்கு பேரும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் வாசித்தால்தான் உண்டு. சுவர்களில் மெத்தைகளையும் அம்மாவின் பழைய சேலைகளையும் தொங்கவிட்டோம். புழுக்கம் தாங்காமல், அம்மா சமைக்கும் குசினிப் பக்கக் கதவை மட்டும் திறந்து வைத்தோம். அது என் யோசனை.

கடைசிப் பாட்டுக்கு முன் தேத்தண்ணி வந்தது. எனக்கும் தம்பிஐயாவுக்கும் பித்தளைப் பேணி. குருநகர்க்காரருக்குச் சிவப்புப் பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ். அந்தக் கிளாஸ்கள் எங்கள் வீட்டில் யார் யாருக்கு என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். குடித்து முடிந்ததும் அவை கிணற்றடிக்குப் போய்விடும். நான் குனிந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். சுருதி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கடைசிப் பாட்டு பெர்னடெட் எழுதியது. மீன் நிறைந்த ஓலைக் கடகத்தோடு பஸ்ஸில் ஏறும் ஒரு தாயையும், நெரிசலிலும் அவள் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் சீற்றையும் பற்றியது. முடிவில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவள் மட்டும் தனியே கடைசி வரியைப் பாடுவாள். அன்று அவள் பாடிய விதத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"இதுக்கு மேலை என்னடா வேணும்?" என்றான் தம்பிஐயா.

பெர்னடெட் ஒருவரையும் பார்க்கவில்லை. தலையிடி என்று சொல்லித் தமையனோடு உடனே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அந்த மௌனம் வந்த இடத்தில் அம்மா என் தங்கை குணலட்சுமியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"குணம், அந்தக் கரையூர்ப் பெட்டை குடிச்ச கிளாசைக் கிணத்தடியிலை புறம்பாய் வை. எங்கடை பேணியளோடை கலந்துபோடாதை."

குருநகர் அம்மாவின் வாயில் இன்னும் பழைய பெயரில் கரையூர்தான். அதட்டலும் இல்லை, வெறுப்பும் இல்லை. கறிக்கு உப்புப் போட்டாயா என்று கேட்கும் அதே குரல். ட்ரம் சத்தத்தில் அடைத்துப்போயிருந்த என் காதில் விழாதது, குசினிக் கதவோரம் இருந்த பெர்னடெட்டின் மைக்கில் விழுந்திருந்தது. மௌனத்தில் தொடங்கிய அம்மாவின் பேச்சு கடைசி வரிக்குள் போய் முடிந்தது. ஒன்றை அழித்தால் மற்றதும் போய்விடும்.

வெட்கத்தில் என் காது சுட்டது. அம்மாவோடு சண்டை பிடித்திருக்கலாம். பெர்னடெட்டிடம் உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி பதிந்திருக்கலாம். இரண்டுக்கும் எனக்குத் துணிவு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தனியே கிற்றாரோடு உட்கார்ந்து, அவளுடைய பாட்டின் மேல் யாருடையதோ ஒரு காதல் பாட்டைப் பதிந்தேன். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது.

அடுத்த வாரம் கசெற் கேட்க பெர்னடெட்டும் அருளப்புவும் வந்தார்கள். அவளுடைய பாட்டு வரவேண்டிய இடத்தில் என் குரல் வந்தது. அருளப்பு திடுக்கிட்டு என்னைப் பார்த்தான்.

"ரெக்கோடிங் டெக் கசெற்றை விழுங்கிப்போட்டுது. அந்தப் பாட்டு மட்டும் அழிஞ்சுபோட்டுது. என்ன செய்யிறது, பெர்னடெட், உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்றேன். சொல்லும்போது துக்கம்கூட வந்தது.

அவள் பாட்டு முடியும்வரை கேட்டாள்.

"அப்ப உங்கடை அம்மாவின்ரை குரலும் அதோடை போட்டுதோ, அண்ணை?"

நான் டெக்கை நிறுத்தினேன்.

"எனக்கு அப்பவே கேட்டது. கேட்டுக்கொண்டுதான் கடைசி வரியைப் பாடினனான். நான் ஒருநாளும் அப்பிடிப் பாடினதில்லை. அதை வைச்சிருந்திருப்பியள் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான்."

அப்போது குணலட்சுமி தேத்தண்ணியோடு வந்தாள். எனக்குப் பேணி. அவர்களுக்கு அதே பூப்போட்ட கிளாஸ். பெர்னடெட் அவசரப்படாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு எழுந்து, வெறுங் கிளாசோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"இதை எங்கை வைக்கிறது, அண்ணை?"

நான் வாய் திறப்பதற்கு முன்பே என் கை உயர்ந்து கிணற்றடியைக் காட்டிவிட்டது.