ம் கொட்டினால் ஓடும் படம்

பத்து நிமிடப் படத்தின் மூன்றாவது நிமிடத்தில், சேலத்து ஓட்டல் அரங்கம் ஒன்றில் நூற்றி இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரையில் இருந்த சாலம்மாள் பேச்சை நிறுத்திவிட்டுத் துண்டை மடிக்க ஆரம்பித்தாள். அது வைகாசி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, காலை பதினோரு மணி. துண்டை மடித்து முடித்துத் தண்ணீர் குடித்தாள். முடி கொட்டிய தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள். பிறகு வந்திருந்தவர்களை வரிசை வரிசையாகப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். படம் ஒன்றும் நின்றுபோகவில்லை. அவளுக்குப் பின்னால் மருத்துவமனை மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த விருந்தினர்கள் சாப்பாட்டுக்கு எழுந்துபோனார்கள். சாம்பார் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். நன்கொடைப் பெட்டி வந்தபடியே திரும்பியது.

சாலம்மாள் எடப்பாடிக்காரி. முப்பது வருடம் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்து, தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் மெதுவாகப் பேசுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. ரத்தப் புற்றுநோய் என்று சேலத்தில் சேர்த்த அன்றைக்கே வார்டு முழுவதற்கும் அவள் குரல் கேட்டது. எட்டு மாத மருந்தில் உடம்பு பாதியானது, குரல் அப்படியே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் வெண்ணந்தூர் இலக்கியா, வயது பத்தொன்பது, அதே நோய். சாலம்மாளுக்கு மருந்தே போதும் என்று ஆனது. இலக்கியாவுக்கு அப்படி ஆகவில்லை. அண்ணனுடைய எலும்பு மஜ்ஜை அவளுக்குப் பொருந்தியது. நோய் அடங்கியிருக்கிற இந்த இரண்டு மாதத்துக்குள், ஆடி பிறக்கும் முன்பே, அதை மாற்றிவிட வேண்டும், தவறினால் நோய் முந்திக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பன்னிரண்டு லட்சம் ஆகும். இலக்கியாவின் அப்பாவிடம் இருந்தது இரண்டு மாடு.

அந்த நோயாளிகளுக்காக அறக்கட்டளை நடத்திவந்தவர் ஜெபமலர், ஓய்வுபெற்ற நர்ஸ். நோயாளிகளின் கதையைப் படமெடுத்துக் காட்டினால் கொடுக்கிறவர்கள் மனம் வைப்பார்கள் என்று அவர்தான் யோசித்தார். படமெடுக்கக் கஸ்பார் வந்தான். கல்யாணமும் தேவாலயத்துப் புதுநன்மை விழாவும் எடுத்துப் பேர் வாங்கியவன், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டே வந்தான். வார்டில் பேசத் தெரிந்தவள் சாலம்மாள் என்பதால் எல்லார் கதையையும் அவளே சொல்வது என்று முடிவானது.

படத்தில் பேச்சு நின்ற செய்தியைக் கஸ்பார் அன்று மாலையே வார்டுக்கு வந்து சொன்னான்.

"அக்கா, மூணாவது நிமிசத்துல நீங்க பேசறத நிறுத்திட்டீங்க."

"நா எதுக்கு சாமி நிறுத்தறேன்? ஆராச்சும் ம் கொட்டுனாங்களா?"

"இல்லக்கா. எல்லாரும் அமைதியா, மரியாதையா பாத்துட்டு இருந்தாங்க."

"பொட்டாட்டம் உக்காந்திருக்கறது மரியாதையா? கதை சொல்றவ செவுத்துக்கிட்டயா பேசுவா?"

இலக்கியா படுத்தபடியே தலையைத் திருப்பினாள். "படம் புடிக்கறப்ப நாந்தேன் வரிக்கு வரி ம் கொட்டுனனேங்ண்ணா. அதெல்லாம் எங்க போச்சு?"

கஸ்பாருக்கு முகம் செத்துப்போனது. அறுபத்து நான்கு ம். இரண்டு ராத்திரி கண் விழித்து, வெளிச்சத்தம் என்று நினைத்து, ஒவ்வொன்றாக வெட்டி எறிந்திருந்தான். அசல் பதிவின் மேலேயே மோகனூர்க் கல்யாணம் ஒன்றையும் எடுத்து முடித்திருந்தான். இனி அவற்றை எங்கே போய்த் தேடுவது?

"நல்லா சுத்தம் பண்ணுன போ," என்றாள் சாலம்மாள். "உப்பு எடுத்துட்டுச் சோறு போட்டிருக்கற."

ஜெபமலர் இதைக் கேட்டு வியக்கவில்லை. முப்பத்தாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவருக்கு, குறை என்னவென்று தெரிந்தால் போதும். "சரி, அடுத்த கூட்டத்துல ம் சொல்றதுக்கு ஒரு ஆள உக்கார வைங்க," என்று சொல்லிவிட்டு மாத்திரை நேரம் பார்த்தார்.

அடுத்த கூட்டம் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளிகள் மண்டபத்தில். ஆனி பிறந்திருந்தது; இலக்கியாவுக்கு இன்னும் முப்பது நாள்தான். ம் சொல்லச் சாலம்மாளே முகக்கவசம் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். படம் ஓடியது. திரையில் இருந்தவள் முதல் வரி சொன்னதும் கீழே இருந்தவள் ம் கொட்டினாள். திரையில் இருந்தவள் நிறுத்தினாள்.

"ஏ புள்ள, நீயே சொல்லி நீயே ம் கொட்டுனா அதுக்குப் பேரு கதையா? வந்த ஒறம்பரைங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

சாலம்மாள் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தாள். சேலத்தில் நடந்ததே இங்கேயும் நடந்தால் அந்தப் பெண்ணை எப்படிப் போய்ப் பார்ப்பது? திரையில் இருந்தவளோ எதையும் அறியாதவள் போலத் துண்டைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போது சாலம்மாளுக்குப் பின்னால் இருந்த சென்றாயன் என்கிறவர், ஆறு ரிக் வண்டிக்குச் சொந்தக்காரர், சங்கத்தில் வரச் சொன்னார்களே என்று வந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம்," என்றார்.

திரையில் இருந்த சாலம்மாள் துண்டைக் கீழே வைத்தாள்.

"அப்பிடி வாங்க. டாக்டரு கேட்டாரு, ஏம்மா இலக்கியா, உனக்கு எதாச்சும் பயமா இருக்குதான்னு. ஆமாங்க சார்ங்கறா. என்ன பயம்? சின்ன வயசுல எங்கண்ணன் ஒரு மாங்காயில பாதி குடுக்க மாட்டானுங்க சார், எலும்புக்குள்ள இருக்கறதையா குடுத்துருவான்னுதான் பயம்ங்கறா."

சென்றாயன் சிரித்துவிட்டார். "அப்பறம்?" என்றார். இரண்டாம் வரிசை ம் கொட்டியது, பிறகு மூன்றாம் வரிசை. நாலாம் கட்டிலில் இருந்த பஸ் கண்டக்டர் ஜுர வேகத்தில் நர்சுகளுக்கு டிக்கெட் கிழித்த கதை வந்தது. ஊசிக்குப் பயந்து கழிவறையில் ஒளிந்த போலீஸ்காரர் கதை வந்தது. கஸ்பார் எடுக்காத கதைகள், சாலம்மாளே சொல்லாத கதைகள் எல்லாம் வந்தன. பத்து நிமிடப் படம் இரண்டேகால் மணி நேரம் ஓடியது. முடிந்ததும் சென்றாயன் எழுந்து, "ஆயிரம் அடி ஓட்டிப் பொகை மட்டும் வந்த குழிக்கெல்லாம் காசு போட்டவங்கதான நாம. இந்தப் புள்ளைக்குப் போடறதுக்கு என்னங்க யோசனை?" என்றார். அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை.

அந்த ஆனி முழுக்கப் படம் ஊர் ஊராகப் போனது. மோகனூர்ச் சர்க்கரை ஆலை வாசலில், வேலை முடிந்து வந்தவர்கள் நின்றபடியே நாற்பது நிமிடம் பார்த்தார்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் வெல்டிங்கை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் பார்த்தார்கள். எடப்பாடித் தறிக்கூடத்தில் தறியை நிறுத்த ஓனருக்கு மனமில்லை. தறிக்காரர்கள் தலையை ஆட்டினார்கள், திரையில் இருந்தவள் அதையே ம் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள். ராசிபுரத்தில் போனை நோண்டிக்கொண்டே ம் கொட்டிய ஒருவரை, "பச்சச் சட்டைக்காரரே, அதுக்கு ம் கொட்டறீங்களா, எனக்கா?" என்று கேட்டாள். அவர் போனை உள்ளே வைத்துவிட்டு ஐயாயிரம் எழுதினார். ஒரே நாள் இரண்டு ஊரில் படம் ஓடினால் இரண்டு ஊரிலும் வேறு வேறு கதை வந்தது. அசல் சாலம்மாள் கூட்டத்தோடு உட்கார்ந்து, தன் கதையில் தனக்கே தெரியாததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊசி எனக்கு, மாத்திரை எனக்கு, அவளுக்கு வாயி மட்டும்," என்று கஸ்பாரிடம் குறைப்பட்டாள். ஆனால் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. ஆனி இருபதுக்குள் இலக்கியாவுக்கு வேண்டியது சேர்ந்து, மேலும் மூன்று பேருக்கு ஆகிற அளவுக்கு மிஞ்சியது.

கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் அண்ணனுடைய மஜ்ஜை தங்கைக்கு ஏறியது. கண்ணாடி அறை, ஒரு மாதத்துக்கு வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்த போன் ஒன்று மட்டும் போனது, அதில் படமும் போனது. இலக்கியா தினமும் ம் கொட்டினாள். ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை, ஒரு ம் கூட வரவில்லை. கழுத்தை அசைக்கவும் தெம்பில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற சாலம்மாள் பார்த்தாள்: போனில் இருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தில் பிள்ளை தனியாகப் போய்விடுமோ என்று வெளியே நின்றவள் பயந்தாள். கண்ணாடியைத் தட்டி, "பேசுடி, பேசித் தொலை," என்று கத்தினாள். தறிக்குரலாக இருந்தாலும் அந்தக் கண்ணாடியைத் தாண்டவில்லை.

போனில் இருந்தவள் கொஞ்சம் முன்னால் குனிந்தாள். "நீ சும்மா இரு சாமி. வலிக்குமில்ல. உன்ற ம்மையும் சேத்து நானே கொட்டிக்கறேன்." வரி சொன்னாள், தானே ம் கொட்டினாள், அடுத்த வரி சொன்னாள். எட்டு நாள் இரவும் பகலும் அப்படியே போனது. போனில் சார்ஜ் குறையவில்லை என்று பணியிலிருந்த நர்ஸ் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பதினேழாம் நாள் காலை வெள்ளையணு ஏறத் தொடங்கியது. இருபத்தெட்டாம் நாள் இலக்கியா நடந்து வெளியே வந்தாள்.

தை மாதம் வெண்ணந்தூரிலேயே படம் போட்டார்கள், அதே நோய் வந்த மோகனூர்ப் பையன் ஒருவனுக்காக. முக்கால்வாசி ஊர் வந்திருந்தது. இலக்கியா, தலையில் அரையங்குல முடியோடு, நடுவில் எங்கோ அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதை அவளிடம் வந்ததும் திரையில் இருந்த சாலம்மாள் கூட்டத்தைத் துழாவிக் கண்டுபிடித்து, "எந்திரிச்சு நில்லு கண்ணு, எல்லாரும் பாக்கட்டும்," என்றாள். இலக்கியா எழுந்தாள். "பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியல. சேர் மேல ஏறு." கஸ்பார் ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி நின்றாள். திரையில் இருக்கிறவளுக்குக் கடைசி வரிசை எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும், இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பும்மா, எங்களுக்கு மூஞ்சி தெரியல என்றார்கள். இலக்கியா திரும்பினாள்.